சர்டிபிகேட் ‘போயிடுச்சு’: ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதப் பழகுவோருக்கு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முதுநகரில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்துபோய், பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அப்பளம் போலக் கையோடு வந்தன. மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாயிற்று. ஒரு கடிதத்தில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று கடிதம் எழுதினேன்.

முதல் கடிதம் முழுசாக இரண்டு பக்கம். ‘வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன் ஐ பெக் டு ஸ்டேட்’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரியில் தொடங்கினேன். காற்று, கூரை, சாய்ந்த பலாமரம், கரண்ட் இல்லாத நாட்கள் எல்லாவற்றையும் எழுதி, இரண்டாம் பக்கத்துக் கடைசி வரியில்தான் சான்றிதழையே கேட்டிருந்தேன். பதிவு எண்ணை எங்கும் எழுதவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வந்த பதிலில் ஒரே வரி: பதிவு எண்ணையும் தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டையும் தெரிவிக்கவும்.

இரண்டாவது கடிதத்தில் எண்கள் எல்லாம் சரி. ஆனால் ‘ஐ லாஸ்ட் மை டிகிரி சர்டிபிகேட் இன் த சைக்ளோன்’ என்று எழுதிவிட்டேன். வீட்டில் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்: ‘புயல்ல சர்டிபிகேட் எல்லாம் போயிடுச்சு.’ தமிழில் தொலைந்தாலும் போயிடுச்சு, பாழானாலும் போயிடுச்சு. அலுவலகத்தில் ‘லாஸ்ட்’ என்று படித்தவர் தொலைந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொண்டார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று அவர்கள் தரும் சான்றை இணைத்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. தொலையாத ஒன்றுக்கு எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது? மூன்றாவது கடிதத்தில் ‘டேமேஜ்ட் பை ரெயின்வாட்டர்’ என்று மாற்றி, அந்த ஒட்டிப்போன தாளையே இணைத்து அனுப்பினேன். வேலை முடிந்தது.

அந்த மூன்று கடிதங்களின் நகலும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். தினமும் யாராவது ஓர் ஆங்கிலக் கடிதத்தோடு வருவார்கள். பார்த்தவரையில், இலக்கணப் பிழையால் காரியம் கெட்டது குறைவு. இந்தப் ‘போயிடுச்சு’ மாதிரி, தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் இரண்டாகவும் இருக்கிற சொற்களால் கெட்டதுதான் அதிகம். அவற்றை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப்போகிறேன். மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம்.

ஆங்கிலம் தேவைதானா என்று பாருங்கள்

முதலில் இந்தக் கேள்வி. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவைக்கூட ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லிச் சிலர் வருகிறார்கள். தமிழில் எழுதினால் மதிப்பு குறைந்துவிடும் என்று பயம். அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறையைச் சொல்லி எழுதும் மனுவை ஒன்றிய அரசு அதிகாரிக்கோ மாநில அரசு அதிகாரிக்கோ அங்கே வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்திலும் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் இருக்கிறது. தமிழில் எழுத முடிந்த இடத்தில் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் வழக்கை உங்களைவிட நன்றாக வேறு யார் சொல்ல முடியும்?

வெளிமாநிலக் கம்பெனி, வெளியூர்ப் பல்கலைக்கழகம், வங்கியின் தலைமை அலுவலகம், வெளிநாட்டு வேலை இவற்றுக்குத்தான் ஆங்கிலம் வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் கடிதமும் உண்டு. அது தனிக் கதை.

எழுதுமுன் தமிழில் நாலு வரி

ஒரு துண்டுத்தாளை எடுத்து நான்கு விஷயங்களைத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், கையில் என்ன ஆதாரம் இருக்கிறது. ‘நான் யார்’ என்றால் பெயர் மட்டும் போதாது. அந்த அலுவலகத்துக்கு நீங்கள் ஓர் எண். பதிவு எண், கணக்கு எண், நுகர்வோர் எண், விண்ணப்ப எண் என்று எது உண்டோ அது முதலிலேயே வர வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல் முன்னால் வரும். வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டிருப்பார்கள். எந்த ஆவணத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த ஆவணத்தில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். இரண்டு ஆவணத்தில் இரண்டு விதமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முகவரியும் தேதியும்

கடிதத்தின் சட்டகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஃப்ரம், டு, தேதி, ‘சர்’ அல்லது ‘மேடம்’, சப்ஜெக்ட், ரெஃபரன்ஸ், விஷயம், முடிப்பு, கையெழுத்து, இணைப்பு. இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கடலூரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து ‘சி’, நடுவில் இரண்டு ‘டி’. காதில் விழுந்தபடி ‘ஜி’ போட்டு எழுதினால் அது கூடலூர். நீலகிரியில் ஒரு கூடலூர், தேனியில் ஒரு கூடலூர். கடலூர் தலைமைத் தபால் அலுவலகத்தின் பின்கோடு 607001. நீலகிரிக் கூடலூருக்கு 643-இல் தொடங்கும், தேனிக் கூடலூருக்கு 625-இல் தொடங்கும். ஊர்ப் பெயர் பிழையாக இருந்தாலும் பின்கோடு சரியாக இருந்தால் தபால் பிழைத்துக்கொள்ளும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று. 2006 அக்டோபரிலிருந்து அதிகாரபூர்வப் பெயர் புதுச்சேரிதான். ஆனால் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இன்றும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி என்றே இருக்கிறது. நிறுவனம் தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படித்தான் நாமும் எழுத வேண்டும், திருத்தக் கூடாது. ஒரே யூனியன் பிரதேசம் என்று நினைத்து நான்கு பகுதிக்கும் 605 போடுபவர்களும் உண்டு. புதுச்சேரிக்கு 605001, காரைக்காலுக்கு 609602, மாஹேக்கு 673310, யானத்துக்கு 533464.

தேதியை 05/06/2024 என்று எழுதாதீர்கள். நமக்கு அது ஜூன் 5, அமெரிக்கக் கம்பெனிக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. பணத்துக்கும் அப்படித்தான். 1,50,000 என்று நாம் போடும் காற்புள்ளி வெளிநாட்டவருக்குப் புதிது. எண்ணோடு எழுத்திலும் எழுதுங்கள்.

சப்ஜெக்ட் வரியில் வேண்டியதை நேராகச் சொல்லுங்கள். ‘டிகிரி சர்டிபிகேட் - ரெகார்டிங்’ என்றால் சான்றிதழைக் கேட்கிறீர்களா, திருத்தச் சொல்கிறீர்களா, சரிபார்க்கச் சொல்கிறீர்களா என்று தெரியாது. ‘ரிக்வெஸ்ட் ஃபார் டூப்ளிகேட் டிகிரி சர்டிபிகேட்’ என்றால் உறையைப் பிரித்தவுடனே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரிந்துவிடும். முன்பே ஒரு கடிதம் வந்திருந்தால் அதன் எண்ணும் தேதியும் ரெஃபரன்ஸில் கட்டாயம் வேண்டும்.

விஷயம்: ஐந்தே வாக்கியம்

என் மூன்றாவது கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

‘ஐ பாஸ்ட் பி.காம். இன் ஏப்ரல் 2004. மை ரெஜிஸ்டர் நம்பர் இஸ்…’ என்று எண். அடுத்து, ‘மை டிகிரி சர்டிபிகேட் வாஸ் டேமேஜ்ட் பை ரெயின்வாட்டர் ஆன் 30 டிசம்பர் 2011. ஐ ரிக்வெஸ்ட் யூ டு இஷ்யூ எ டூப்ளிகேட் சர்டிபிகேட். த டேமேஜ்ட் ஒரிஜினல் அண்ட் எ டிமாண்ட் டிராஃப்ட் ஃபார் த ஃபீ ஆர் என்க்ளோஸ்ட்.’

அவ்வளவுதான். பலாமரம் போய்விட்டது, கூரை போய்விட்டது. எழுதும்போது மனசு கேட்கவில்லைதான். பட்ட கஷ்டத்தைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்றுதான் நமக்குத் தோன்றும். தமிழில் பேசும்போது காரணத்தை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் கேட்போம், அதுதான் மரியாதை. வாக்கியமே அப்படித்தானே, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலக் கடிதத்தைப் படிப்பவர் முன்பக்கத்திலேயே வேண்டுகோளைத் தேடுகிறார். அதனால் அதை மேலே கொண்டுவர வேண்டும்.

ஒரு தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல்

தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் பெங்களூரு கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சலைப் போனில் காட்டினார். வேலையில் எப்போது சேர்வீர்கள் என்று கேட்டதற்கு ‘ஐ வில் ஜாயின் விதின் மண்டே’ என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை அன்றா, அதற்கு முன்பா என்று அங்கிருந்து திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

“அக்கா, இதுல என்ன தப்பு? திங்கட்கிழமைக்குள்ளதான சொன்னேன்?”

“உள்ளன்னா விதின்னு போட்டுட்ட தம்பி. பத்து நாளுக்குள்ள, ரெண்டு மாசத்துக்குள்ளன்னா விதின். கிழமையோ தேதியோ சொன்னா பை.”

கால அளவுக்கு ‘விதின் டென் டேஸ்’, கெடு நாளுக்கு ‘பை மண்டே’. நமக்கு இரண்டுமே ‘க்குள்’. அவரும் உடனே அங்கேயே ‘ஐ வில் ஜாயின் பை மண்டே’ என்று எழுதி அனுப்பினார்.

‘ஐந்து வருஷமாக’, ‘2019-லிருந்து’ இரண்டையும் ‘சின்ஸ்’ போட்டு எழுதுவது இதே வகை. அளவு சொன்னால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ் 2019’. வாடகை ஒப்பந்தம், பணி அனுபவம் பற்றிய கடிதங்களில் இந்தப் பிழை வராத நாளே இல்லை.

‘சந்தேகம்’ இன்னும் வம்பானது. வகுப்பில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம், ஒருவர் நேர்மையை ஐயப்படுவதும் சந்தேகம். பில்லில் ஒரு தொகை புரியவில்லை என்பதற்கு ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் பில்’ என்று எழுதினால், பில்லையே நம்பவில்லை என்று வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்சன்’ என்று எழுதினால் போதும். ‘கேட்டேன்’ என்பதையும் யோசித்து எழுதுங்கள். விசாரித்ததா, வேண்டிக்கொண்டதா, காதில் விழுந்ததா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு.

அப்புறம் ‘விண்ணப்பித்திருந்தேன்’. இதை அப்படியே ‘ஐ ஹேட் அப்ளைட் ஆன் 5 ஜூன்’ என்று எழுதுகிறோம். தமிழில் அந்த ‘இருந்தேன்’ ஒரு பணிவு, ஒரு நினைவூட்டல். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ என்றால் அதற்குப் பின்னால் நடந்த வேறொன்றும் சொல்லப்பட வேண்டும். தேதி போட்டுச் சொல்லும்போது ‘ஐ அப்ளைட் ஆன் 5 ஜூன்’ என்பதே சரி. ‘ஐ ஹேவ் அப்ளைட் ஆன் 5 ஜூன்’ என்பதும் தவறு. தேதி வந்தால் ‘ஹேவ்’ வராது.

‘அவர்’ என்பதைப் போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி பெரும்பாலும் ‘ஹீ’ ஆக்கிவிடும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காகச் செயலியில் எழுதி எடுத்துவந்தார். முதல் பத்தியில் ‘மை மதர்’, அடுத்த பத்தி முழுக்க ‘ஹீ’, ‘ஹிஸ்’. இறந்துபோன அப்பாவைப் பற்றிய வரிகளும் அங்கேயே வந்ததால், ஓய்வூதியம் யாருக்கு என்றே புரியவில்லை. செயலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொடுப்பதற்கு முன் ‘அவர்’ வரும் இடமெல்லாம் ‘என் அம்மா’, ‘என் அப்பா’ என்று மாற்றிவிட்டுக் கொடுங்கள். வந்த பிறகு எண், தேதி, பெயர் மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

பணிவு எங்கே இருக்கிறது

‘தாங்கள்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லாததால், அந்த இடத்தை நிரப்ப வரிக்கு ஒரு ‘கைண்ட்லி’ போடுகிறோம். ‘ப்ளீஸ் கைண்ட்லி’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுபவர்களும் உண்டு. ஒரு கடிதத்துக்கு ஒன்று போதும். ஆங்கிலத்தில் பணிவு வாக்கியத்தின் போக்கில் இருக்கிறது. ‘யூ ஹேவ் நாட் ரிப்ளைட்’ என்பது விரல் நீட்டிக் குற்றம் சொல்வது. ‘ஐ ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட் எ ரிப்ளை’ என்பதும் அதே செய்திதான், ஆனால் யாரையும் நோகடிக்காது. ‘ஐ வாண்ட்’ என்பதை ‘ஐ வுட் லைக்’ ஆக்குங்கள். ‘வித்அவுட் ஃபெயில்’ என்பது மேலதிகாரி கீழே உள்ளவருக்கு எழுதும் தொனி. மனுதாரர் எழுதக் கூடாது.

‘டு த நீட்ஃபுல்’ என்ற சொற்றொடரை விட்டுவிடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆவன செய்யவும் என்றால் எதைச் செய்ய? அதைச் சொல்லத்தானே கடிதம்.

முடிக்கும்போது ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘டியர் சர்’ என்று பெயரில்லாமல் தொடங்கியிருந்தால் இது, பெயர் போட்டுத் தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்-க்கு முன்னால் மேலே ஒரு காற்புள்ளி கூடாது. நம்மூரில் அச்சடித்த விண்ணப்பப் படிவங்களில்கூட அந்தப் பிழை இருக்கிறது, அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ‘ஃபெய்த்ஃபுல்லி’யின் முதல் எழுத்து சிறியது.

பிழை நோட்டு

நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நீங்கள் நினைத்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் அதற்கு ஆங்கிலத்தில் வரும் இரண்டு அல்லது மூன்று சொற்கள், ஒவ்வொன்றுக்கும் உங்கள் சொந்தக் கடிதத்திலிருந்தே ஒரு வாக்கியம். என் நோட்டின் முதல் வரி ‘போயிடுச்சு: லாஸ்ட், டேமேஜ்ட்’. அதன்கீழே பின்னாளில் ‘எக்ஸ்பயர்ட்’ என்றும் சேர்த்திருக்கிறேன், ‘லைசென்ஸ் தேதி போயிடுச்சு’ என்று ஒருவர் வந்தபோது.

அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள். திரும்பி வந்தாலோ விளக்கம் கேட்டாலோ, அந்த நகலில் எந்தச் சொல்லால் கேள்வி வந்ததோ அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பிழையை மட்டும் அடித்துத் திருத்தாதீர்கள், முழுக் கடிதத்தையும் கையால் திரும்ப எழுதுங்கள். கணினியில் ஒரு சொல்லை மாற்றினால் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், கைக்குப் பழகாது. நான் மூன்றாவது கடிதத்தைக் கையால் எழுதியபோதுதான், முந்தைய இரண்டிலும் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று எழுதியிருந்ததே கண்ணில் பட்டது. ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் எ சர்டிபிகேட்’ சரி, ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் எ சர்டிபிகேட்’ தவறு.

உங்களுக்கு வரும் பதில்களையும் படியுங்கள். நன்றாக எழுதப்பட்ட ஒரு வங்கிக் கடிதமோ கம்பெனிக் கடிதமோ வந்தால் அதிலிருந்து ஒரு வாக்கியத்தை நோட்டில் எடுத்து வையுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, ஆங்கில நாளிதழ்களில் வரும் வாசகர் கடிதங்களை உட்கார்ந்து படிக்கலாம். ஐந்தாறு வரியில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்கு நல்ல பயிற்சி அது.

அனுப்பும் நாள்

கடைசியில் இணைப்புகளை எண் போட்டு வரிசையாக எழுதுங்கள். டிடி என்றால் அதன் எண், தேதி, தொகை, வங்கி நான்கும் கடிதத்திலேயே இருக்கட்டும். அங்கே டிடி ஒரு மேசைக்கும் கடிதம் இன்னொரு மேசைக்கும் போய்விடலாம். அசல் சான்றிதழைக் கேட்டால் ஒழிய அனுப்பாதீர்கள். என்னைப் போல அனுப்ப நேர்ந்தால் முதலில் இருபக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதைக் கடித நகலின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் புதுக் கடிதம் எழுத வேண்டாம். ரெஃபரன்ஸில் பழைய கடிதத்தின் தேதியையும் ஸ்பீடு போஸ்ட் எண்ணையும் போட்டு, ‘ஐ ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட் எ ரிப்ளை டு மை லெட்டர். ஐ வுட் பி கிரேட்ஃபுல் ஃபார் எ ரிப்ளை’ என்று இரண்டு வரி எழுதி, முதல் கடிதத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள். பதில் வந்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், முத்திரையில் தேதி இருக்கும். கடிதத்தோடு அதையும் குத்தி வையுங்கள்.